கோப்புப் பட்டியலில் நிறமும் விகுதியும்

லினக்ஸ் கணினியின் முனையத்தில் ‘எல்எஸ்’ எனத் தட்டச்சிட்டால், அடைவில் உள்ள கோப்புகளின் பெயர்கள் நிறங்களோடு வரிசையாக வருகின்றன. அடைவுகள் நீலம். இயக்கத்தக்க நிரல்கள் பச்சை. ஜிப், டார் போன்ற பொதிகள் சிவப்பு. படங்களும் காணொளிகளும் செவ்வூதா. ஒலிக்கோப்புகள் மயில்நீலம். உரைக்கோப்புகளுக்கு மட்டும் நிறம் இல்லை. திரையின் இயல்பான எழுத்து நிறத்திலேயே அவை நின்றுவிடுகின்றன.

இந்த ஒதுக்கீடு இயற்கையாக அமைந்ததன்று. குனூ திட்டத்தின் ‘கோர்யூட்டில்ஸ்’ தொகுப்பைப் பேணுவோர் எழுதிவைத்த ஒரு பட்டியல் இது. ‘டிர்கலர்ஸ்’ என்னும் சிறு நிரல் வழியாகக் கணினிதோறும் வந்து சேர்கிறது. அதை எழுதியோரின் உலகில் உரைக்கோப்பே இயல்பு. பொதியும் படமும் ஒலியும் விலக்கு. விலக்குகள் நிறம் பெற்றன, இயல்பு நிறமின்றி விடப்பட்டது. குறியுற்ற வடிவம், குறியுறா வடிவம் என மொழியியலார் பிரித்துப் பேசுவது இதைத்தான். நிரலருக்கு இந்தப் பிரிவு பொருந்தும். உரையையே ஆய்வுப்பொருளாகக் கொண்ட மொழியியல், இலக்கிய, வரலாற்று மாணவருக்கு இது பொருந்தாது. அவருடைய அடைவில் உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை உரைக்கும் உரைக்கும் இடையிலானவை. அவ்வேறுபாடுகளைக் காட்டும் நிறப்பட்டியலை அவரே எழுதிக்கொள்ள வேண்டும். அதை முனையத்தை அழகுபடுத்தும் பொழுதுபோக்கு என்று துறைகள் ஒதுக்கிவிடுவது சரியன்று.

மும்பைத் தமிழை எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து தாராவியில் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் பேசும் தமிழ் ஒன்று. 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தொடங்கப்பட்ட மாட்டுங்காவின் நடுத்தரக் குடும்பங்கள் பேசும் தமிழ் மற்றொன்று. அக்குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் செம்பூருக்கும், பின்னர் கழிமுகம் தாண்டி நெருள் போன்ற நவி மும்பைப் பகுதிகளுக்கும் நகர்ந்தனர். அந்தச் சங்கமும் நெருளில் வளாகம் அமைத்தது. இந்த மூன்று நான்கு இடங்களில் இந்தியும் மராத்தியும் கலந்த பேச்சைப் பதிவுசெய்யப் புகும் ஆய்வாளருக்கு, துறைமுக வழித்தடத்தின் ஒரே ரயில் நெருளிலிருந்து செம்பூர் வழியாகக் குர்லாவரை கொண்டுசென்று விடும். களத்தின் சிக்கல்கள் வேறு. ஆனால் மாலையில் திரும்பியதும் தொடங்குவது கோப்புகளின் சிக்கல்.

ஒரே உரையாடலிலிருந்து எத்தனை கோப்புகள் பிறக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். மூல ஒலிப்பதிவு ஒரு வேவ் கோப்பு. ஒலியன்களை எல்லைகுறித்த ‘பிராட்’ மென்பொருளின் டெக்ஸ்ட்கிரிட் கோப்பு ஒன்று. அடுக்கடுக்கான குறிப்புகளுக்கு ‘ஈலான்’ தரும் ஈஏஎஃப் கோப்பு ஒன்று. கேட்டு எழுதிய முதற்படி. இரண்டாம் முறை கேட்டுத் திருத்திய படி. பேசியோரின் பெயரும் தெருவும் நீக்கப்பட்ட படி. பேசியவரின் வயது, ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொண்ட அட்டவணை. இறுதியில் ஆய்வேட்டின் இயல். இவற்றுள் எல்எஸ் நிறமிட்டுக் காட்டுவது வேவ் ஒன்றை மட்டுமே. எஞ்சிய அனைத்தும் ஒரே வெள்ளை.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விட இயலாது. முதற்படியை இறுதிப்படி என எண்ணி எண்ணிக்கை எடுத்தால் ஆய்வு முடிவு பிழைபடும். அது திருத்தக்கூடிய பிழை. பெயர் நீக்கிய படிக்கு மாறாகப் பெயருள்ள படியை மற்றொரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டால் அதைத் திரும்பப் பெற இயலாது. தாராவியின் சந்தில் அமர்ந்து, வாடகையைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் நம்பிக்கையோடு பேசிய ஒரு பெண்ணின் பெயர் யாரோ ஒருவரின் மின்னஞ்சலில் இருந்துவிடும். ஒப்புதல் படிவத்தில் ஆய்வாளர் இட்ட கையொப்பத்தின் பொருள் அந்த நொடியில் காலாவதியாகிறது. கோப்புகளை நிறத்தால் பிரித்துக் காண்பது இவ்விடத்தில் ஆய்வு அறத்தின் ஒரு சிறு கருவியாகிறது.

எல்எஸ் நிறத்தைத் தீர்மானிக்கும் முறை தமிழ் இலக்கணம் படித்தோருக்கு அந்நியமானதன்று. கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அது அடைவா, இணைப்பா, இயக்கத்தக்கதா என்பதை இயங்குதளத்திடம் கேட்டறிகிறது. இவற்றுள் எதுவும் இல்லாத சாதாரணக் கோப்பானால் பெயரின் ஈற்றைப் பார்க்கிறது. வினைமுற்றின் திணையும் பாலும் விகுதியில் தெரிவது போல, கோப்பின் வகை அதன் ஈற்றில் தெரியவேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. பலரும் அறியாத ஒன்று உண்டு. புள்ளிக்குப் பின்வரும் மூன்றெழுத்துதான் விகுதியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரின் ஈற்றில் வரும் எந்த எழுத்துத்தொடரையும் விகுதியாக அறிவிக்கலாம். ‘_முதற்படி.டிஎக்ஸ்டி’ என முடிவதற்கு ஒரு நிறமும் ‘_திருத்தியது.டிஎக்ஸ்டி’ என முடிவதற்கு மற்றொரு நிறமும் கொடுக்கலாம். விகுதிக்கு முன்னர் இடைநிலையையும் சேர்த்துப் படிக்கும் வசதி இது. இதை அறிந்தபின் உரைகள் எல்லாம் ஒரே நிறத்தில் கிடக்கவேண்டிய தேவை இல்லை.

செய்முறை எளிது. டிர்கலர்ஸ் நிரலை ‘-பி’ என்ற தெரிவோடு இயக்கினால் அதனுள் இருக்கும் இயல்புப் பட்டியலை அப்படியே வெளியிடும். அதை ஒரு கோப்பில் சேமித்துத் தேவையானவாறு திருத்தலாம். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் விகுதி, வலப்பக்கம் எண்கள். 30 முதல் 37 வரை எழுத்தின் நிறங்கள். 40 முதல் 47 வரை பின்புலத்தின் நிறங்கள். 01 என்பது தடிப்பு. 04 என்பது அடிக்கோடு. திருத்திய கோப்பை மீண்டும் டிர்கலர்ஸுக்குக் கொடுத்தால் ‘எல்எஸ்_கலர்ஸ்’ என்ற சூழல்மாறிக்கு உரிய நீண்ட சரத்தை அது ஆக்கித் தரும். உபுண்டு, டெபியன் கணினிகளில் வீட்டு அடைவில் ‘.டிர்கலர்ஸ்’ என்ற பெயரில் அந்தக் கோப்பை வைத்தாலே போதும். பேஷ் அமைப்புக் கோப்பில் அதைத் தேடும் வரி ஏற்கெனவே இருக்கிறது. மாக் கணினியின் எல்எஸ்ஸுக்கு இந்தத் திறன் இல்லை. அது பிஎஸ்டி மரபிலிருந்து வந்தது; அடைவு, இணைப்பு என்ற பெருவகைகளுக்கு மட்டுமே நிறம் தரும், விகுதியைப் பார்க்காது. அங்கே கோர்யூட்டில்ஸைத் தனியே நிறுவவேண்டும்.

வரிகளின் வரிசையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே பெயருக்கு இரண்டு விகுதிகள் பொருந்தினால் பின்னால் எழுதப்பட்டதே வெல்லும். ஆகவே ‘.டிஎக்ஸ்டி’ என்ற பொதுவிதியை முதலிலும் ‘_பெயருடன்.டிஎக்ஸ்டி’ என்ற சிறப்புவிதியை அதற்குப் பின்னரும் எழுதவேண்டும். பொதுவிதி சொல்லிப் பின்னர்ப் புறனடை கூறும் இலக்கண நூலாரின் முறையேதான். மாற்றி எழுதினால் புறனடை செயலற்றுப் போகும். பெயருள்ள கோப்புகளுக்கு 37;41 என்ற எண்ணிணை தகும்; சிவப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து எவ்வளவு நெரிசலான பட்டியலிலும் தப்பாது.

விண்டோஸ் கணினிக்குள் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸ் இயக்கும் மாணவர்கள் இன்று மிகுதி. இவ்வளவும் செய்தபின்னர் அவர்களின் திரையில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். விண்டோஸ் வட்டில் உள்ள கோப்புகள் அனைத்தும் யாவரும் படிக்க, எழுத, இயக்க உரிமை உள்ளனவாக லினக்ஸுக்குத் தோன்றுகின்றன. இயக்கத்தக்கது என்ற தகுதி கிடைத்தவுடன் எல்எஸ் அதைப் பச்சையாக்கிவிட்டு விகுதியைப் பார்க்காமலே நகர்ந்துவிடும். கவிதைத் தொகுப்பும் களக்குறிப்பும் நிரல்களாகப் பச்சையில் ஒளிரும். பட்டியலில் ‘எக்ஸெக்’ என்ற வரிக்கு 00 என மதிப்பிட்டால் அந்தப் பச்சை நீங்கும், விகுதிகள் பேசத் தொடங்கும். அதே வட்டில் அடைவுகள் பச்சைப் பின்புலத்தில் நீல எழுத்தாகத் தோன்றி வாசிக்கவே இயலாதிருப்பதும் இந்த உரிமைச் சிக்கலின் விளைவுதான். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய அடைவு ஆபத்தானது என்று எச்சரிக்க வைத்த நிறம் அது. எச்சரிக்கையைப் படிக்கமுடியாதபடி எழுதிவைத்த விந்தையைப் பயனர்கள் நெடுங்காலமாகப் பொறுத்துவருகின்றனர்.

தமிழ்த் தரவுக்கே உரிய இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது குறியேற்றம். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தமிழ் உரைகள் டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்களில் எழுதப்பட்டன; 1999இல் தமிழக அரசு டாப், டாம் இரண்டையும் ஏற்றது; 2010இல்தான் ஒருங்குறியும் டேஸ் பதினாறும் அரசின் தரங்களாயின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் முதலில் டிஸ்கியில் வெளிவந்து பின்னர் ஒருங்குறிக்கு மாறின. அக்காலத்து உரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் எந்தத் துறையின் வட்டிலும் டிஸ்கி உரையும் ஒருங்குறி உரையும் ஒரே விகுதியோடு அருகருகே கிடக்கும். சொல் எண்ணும் நிரல் இரண்டையும் ஒன்றாக விழுங்கும். டிஸ்கியிலிருந்து வந்தவை அட்டவணையின் அடியில் பொருளற்ற குறிகளாகக் குவியும். ‘_டிஸ்கி.டிஎக்ஸ்டி’ என ஒரு விகுதியைப் பெயரில் சேர்த்து மங்கிய சாம்பல் நிறம் கொடுத்தால், இவை இன்னும் மாற்றப்படாதவை என்பது பட்டியலைக் காணும்போதே புலப்படும்.

இரண்டாவது இடர் நுண்ணியது. விகுதியைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்று மேலே கூறப்பட்டது. எல்எஸ் ஒப்பிடுவது எழுத்துகளை அன்று, பைட்டுகளை. ‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையில் எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து. திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளில் வெவ்வேறு. பழைய மாக் வட்டுகள் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்து வந்தன. அத்தகைய வட்டிலிருந்து வந்த ‘தொகுப்பு’ என்ற விகுதி லினக்ஸ் கணினியில் தட்டச்சிட்ட ‘தொகுப்பு’ என்ற விகுதியோடு பொருந்தாது, நிறமும் ஏறாது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் வராத சொற்களை விகுதியாகத் தேர்ந்தெடுப்பதே எளிய வழி. ‘மூலம்’, ‘திருத்தியது’, ‘பெயருடன்’, ‘பெயரின்றி’ ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. பல முனையங்கள் தமிழ்க் கொம்பையும் காலையும் கட்டங்களில் அடைக்கத் தெரியாமல் சிதைத்துக் காட்டுவதால், ரோமன் எழுத்தில் பெயரிடுவோர் மிகுதி. அதைக் குறையாகக் கூறவேண்டியதில்லை. பெயர் சிதைந்து தெரியும் முனையத்தில் நிறம் மேலும் பயன்படுகிறது என்பதைமட்டும் கருதலாம்.

நிறத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் நகரத்தின் பிளாஸ்டிக் கழிவைப் பிரிக்கும் தொழிலாளர்கள் முதலில் நிறத்தால் பிரிக்கின்றனர், அதோடு நிற்பதில்லை. வளைத்துப் பார்க்கின்றனர், ஐயமெனில் ஓரத்தைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கின்றனர். ஒரே நிறமுடைய இரண்டு வாளிகள் வெவ்வேறு பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும் என்பதும், கலந்து உருக்கினால் மணிகள் வீணாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எல்எஸ்ஸுக்கு அந்த இரண்டாம் படி கிடையாது. ‘பெயரின்றி’ எனப் பெயரிட்டுவிட்டால் உள்ளே பத்துப் பெயர்கள் இருந்தாலும் பச்சையாகவே காட்டும். முகர்ந்து பார்க்கும் வேலையை யூனிக்ஸில் செய்வது ‘ஃபைல்’ என்ற மற்றொரு கட்டளை. 1973இல் வெளிவந்த யூனிக்ஸின் நான்காம் பதிப்பிலேயே அது இருந்தது. கோப்பின் தொடக்கப் பைட்டுகளைப் படித்து, இது ஒருங்குறி உரை, இது ஒலி, இது பொதி என்று கூறும். டிஸ்கி உரையை அது டிஸ்கி என இனங்காணாது. ஒருங்குறி அன்று என்பதையாவது காட்டிக்கொடுக்கும். மாதம் ஒருமுறை முழு அடைவிலும் அதை ஓடவிட்டு, விகுதி கூறுவதோடு ஒப்பிடும் பழக்கம் நல்லது. பெயர் நீக்கப்பட்டதா என்பதை எந்தக் கட்டளையும் சொல்லாது. அதற்கு ஒருவர் முழுவதும் படித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

எத்தனை நிறங்கள்? முனையத்தின் அடிப்படை நிறங்கள் எட்டு: கருப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், செவ்வூதா, மயில்நீலம், வெள்ளை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளை ஏற்றியும் அணைத்தும் கிடைக்கும் எட்டுச் சேர்க்கைகள் இவை. மனிதக் கண்ணும் மொழியும் நிறத்தைப் பகுக்கும் முறையோடு இதற்குத் தொடர்பு இல்லை. பிரென்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் வெளியிட்ட அடிப்படை நிறச்சொற்கள் பற்றிய நூலின் பதினொரு நிறங்களில் செவ்வூதாவுக்கும் மயில்நீலத்துக்கும் நேரான இடம் இல்லை. தமிழ்ப் பேச்சிலும் இவற்றுக்கு நிலைத்த பெயர்கள் இல்லை; இக்கட்டுரையில் வரும் இரண்டு சொற்களுமே தற்காலிக ஏற்பாடுகள். பெயரில்லாத நிறத்துக்கு வகையொன்றை ஒப்படைத்தால், ‘அந்த ஊதா மாதிரி இருக்கே, அது’ என்றுதான் சக ஆய்வாளரிடம் சொல்ல நேரும். இன்றைய முனையங்கள் 256 நிறங்களையும் அதற்கு மேலும் காட்டவல்லவை. ஆயினும் ஐந்து அல்லது ஆறு வகைகளுக்கு மேல் நிறமிட்டால் கண் பிரித்தறியும், நினைவு பிரித்தறியாது. இணையத்தில் கிடைக்கும் நூற்றுக்கணக்கான விகுதிகளைக் கொண்ட ஆயத்தப் பட்டியல்களை அப்படியே இறக்கிக்கொள்வதால் ஆய்வு மாணவருக்குப் பயன் குறைவு. வகைகளை அவர் எண்ணிப் பார்க்கவேண்டிய இடத்தில் வேறொருவரின் எண்ணம் வந்து அமர்கிறது.

சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காணாத கண்கள் உள்ளன என்பதையும் மறக்கலாகாது. இந்திய உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் நெடுங்காலம் இருந்தன; இரண்டும் ஒன்றாகவே தெரிந்தோர் பலர். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அசைவக் குறியை முக்கோணமாக்கியது. நிறத்தோடு வடிவமும் மாறியதால் சிக்கல் தீர்ந்தது. கோப்புப் பட்டியலிலும் அவ்வாறே செய்யலாம்: ஆபத்தானவற்றுக்குப் பின்புலம், இறுதியானவற்றுக்குத் தடிப்பு, ஐயமுள்ளவற்றுக்கு அடிக்கோடு. எல்எஸ்ஸுக்கு ‘-எஃப்’ என்ற தெரிவைக் கொடுத்தால் அடைவுக்குச் சாய்கோடும் இயக்கத்தக்கதற்கு உடுக்குறியும் இணைப்புக்கு ‘அட்’ குறியும் ஈற்றில் சேரும். நிறம் முனையத்துக்குள் வருமுன்னரே பிறந்த தெரிவு அது.

வரைகலை மேலாளரில் சின்னங்களைப் பார்த்துக் கோப்புகளைத் திறப்போருக்கு இவை எல்லாம் வீண்வேலை அல்லவா என்ற வினா எழும். ஒருவகையில் நியாயமான வினாதான். நிறம் ஒரு திரையோடு நின்றுவிடுவது. பட்டியலை வேறொரு நிரலுக்குக் குழாய்வழி அனுப்பினால் எல்எஸ் தானாகவே நிறத்தைக் களைந்துவிடும். மின்னஞ்சலில் இணைத்தால் நிறம் போகாது. மேற்பார்வையாளரின் கணினியில் அதே கோப்பு வெள்ளையாகவே இருக்கும். எங்கும் உடன்செல்வது பெயர் ஒன்றே. ஆனால் நிறப்பட்டியல் எழுதத் தொடங்கும் மாணவர்தான் பெயர்களை ஒழுங்குபடுத்தும் கட்டாயத்துக்கு உள்ளாகிறார். விகுதி ஒன்றுபோல் இல்லாவிடில் நிறம் ஏறுவதில்லை. ஏறாத நிறம் ஒழுங்கற்ற பெயரை உடனே காட்டிக்கொடுக்கிறது. ‘இறுதி’, ‘இறுதி2’, ‘இறுதிபுதியது’ என்ற வரிசை பலருடைய ஆய்வேட்டு அடைவிலும் உண்டு. அந்த மூன்றுக்கும் பொதுவிகுதி இல்லை என்பதைச் சின்னங்களைப் பார்ப்போர் உணர்வதற்கு வாய்ப்புக் குறைவு.

தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் ஆய்வுநெறி வகுப்பில் மேற்கோள் முறைக்குப் பல வாரங்கள் ஒதுக்குகின்றன. அவற்றில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். மாணவர் தம் தரவின் வகைகளை முதலில் தாளில் எழுதட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விகுதி, பின்னர் நிறம். எழுதிய பட்டியல் நாற்பது வரிகளைத் தாண்டாத சாதாரண உரைக்கோப்பு. ஆய்வு முடிந்து தரவுத்தொகுப்பைத் துறையிடமோ ஆவணக்காப்பகத்திடமோ ஒப்படைக்கும்போது அதையும் உடன் வைக்கவேண்டும். எந்த விகுதி எதைக் குறிக்கிறது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது. வைக்கும்போது பெயரின் முதலில் உள்ள புள்ளியை எடுத்துவிடுவது தேவை. புள்ளியில் தொடங்கும் கோப்புகளை எல்எஸ் பட்டியலிடாது. பின்னர் வருவோர் அப்படி ஒன்று இருப்பதையே அறியமாட்டார்கள்.